மரணத்தைப் பற்றிய சட்டத்தில் மதம் பேசலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டம் இயற்றும் இடத்தில் மதத்திற்கு என்ன வேலை? இதுதான் இன்றைய கேள்வி. அதில் எனக்குத் தரப்பட்டது ஒரு கிளை. தீராத நோயால் அவதிப்படுபவர் தம் உயிரை முடித்துக்கொள்ள மருத்துவர் உதவலாம் என்று சில நாடுகள் சட்டம் கொண்டுவருகின்றன. அந்தச் சட்டங்களைக் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்துப் பிரசாரம் செய்கிறது. அது முறையா? முறை என்றால், எப்படிச் செய்ய வேண்டும்?

நான் கத்தோலிக்கன் அல்லன். இந்துக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன். ஆகவே திருச்சபைக்காக வாதாட வந்தவன் என்று யாரும் எண்ண வேண்டாம். இருந்தாலும் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதம் பேசலாம். பேசவும் வேண்டும். ஆனால் அந்த மதத்தைச் சாராதவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணங்களைச் சொல்லிப் பேச வேண்டும். அதோடு, சாகக் கிடப்பவரைக் கவனித்துக்கொள்ளும் கையும் அந்த மதத்திடம் இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத பேச்சு எடுபடாது. இதற்கு உலக நடப்பே சாட்சி.

மூன்றும் ஒன்றல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'கருணைக்கொலை' என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு காரியங்களை நாம் குறிப்பிடுகிறோம்.

பயனற்றுப்போன சிகிச்சையை நிறுத்திவிட்டு, நோயாளியை இயற்கையாக இறக்க விடுவது ஒன்று. மருத்துவரே மருந்து செலுத்தி உயிரைப் போக்குவது இரண்டாவது. மருத்துவர் மருந்தை எழுதிக் கொடுக்க, நோயாளி தாமே அதை உட்கொண்டு இறப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் மருத்துவ உதவியுடன் தற்கொலை என்கிறார்கள். ஆதரிப்பவர்களுக்கு 'தற்கொலை' என்ற சொல் பிடிப்பதில்லை. 'மருத்துவ உதவியுடன் இறப்பு' என்பார்கள். எந்தச் சொல்லை எடுப்பது என்பதிலேயே பாதி வாதம் அடங்கியிருக்கிறது.

நம்மில் பலர் நினைப்பது என்ன? எத்தனை குழாய்களைச் செருகினாலும், எத்தனை இயந்திரங்களைப் பொருத்தினாலும் உயிரை இழுத்துப் பிடித்தே தீர வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்வதாக நினைக்கிறோம். அது சரியன்று. 1957-ஆம் ஆண்டிலேயே போப்பாண்டவர் 12-ஆம் பத்திநாதர் மருத்துவர்களிடம் இதைத் தெளிவுபடுத்தினார். அசாதாரணமான சிகிச்சைகளை ஏற்க வேண்டிய கட்டாயம் நோயாளிக்கு இல்லை என்றார். வலியைப் போக்கக் கொடுக்கும் மருந்து ஒருவேளை ஆயுளைக் குறைக்கக்கூடும் என்றாலும், நோக்கம் வலியைப் போக்குவதே என்றால் அதைக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். 1980-இல் வத்திகன் வெளியிட்ட அறிக்கை இதையே உறுதிசெய்தது. அது மறுப்பது ஒன்றைத்தான்: உயிரைப் போக்கும் நோக்கத்துடன் செய்யும் செயலை.

இங்கே ஒரு பொருத்தம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1996-இல் நிறைவேறிய முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டமும் ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. இறுதிக் கட்டத்தில் உயிரை இழுத்துப் பிடிக்கும் அசாதாரண சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆனால் மரணத்தை விரைவுபடுத்தும் செயலுக்கு அந்தச் சட்டம் அனுமதி தரவில்லை. தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி முதல் இங்கே குற்றமில்லை என்றானபோதும், பிறர் தற்கொலைக்கு உடந்தையாக இருப்பது குற்றமாகவே விடப்பட்டது. ஆக, ஒரு மதம் நம்பிக்கையின் வழியே வந்து சேர்ந்த இடத்திற்கு, பல இனத்தவரும் பல மதத்தவரும் வாழும் ஒரு நாடு சட்டத்தின் வழியே வந்து சேர்ந்திருக்கிறது.

ஓரிகனில் தோற்ற கதை

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். ஓரிகன் மாநிலத்தில் 1994 நவம்பரில் மக்கள் நேரடியாக வாக்களித்து இச்சட்டத்தை ஏற்றார்கள். ஆதரவு ஏறத்தாழ 51 விழுக்காடு, எதிர்ப்பு 49 விழுக்காடு. மயிரிழை வெற்றி. ஆயுள் ஆறு மாதத்திற்குள் முடியும் என்று மருத்துவர்கள் கணித்த, சொந்தமாக முடிவெடுக்கும் தெளிவுள்ள, வயதுவந்த நோயாளிக்கு மட்டும் என்பது அதன் வரம்பு.

அந்தத் தேர்தலில் எதிரணியின் முன்னணியில் நின்றது கத்தோலிக்கத் திருச்சபை. ஆதரவாளர்கள் அதையே ஆயுதமாக்கிக்கொண்டார்கள். ஒரு திருச்சபை தன் கொள்கையை ஊரார் எல்லார்மீதும் திணிக்கலாமா என்று கேட்டார்கள். கோயில், தேவாலயம் பக்கம் அதிகம் போகாதவர்கள் நிறைந்த மாநிலம் அது. கேள்வி நன்றாகவே வேலை செய்தது.

வழக்குகளால் சட்டம் மூன்றாண்டுகள் முடங்கிக் கிடந்தது. 1997-இல் அதை ரத்துசெய்யலாமா என்று மீண்டும் மக்களிடமே கேட்டார்கள். எதிர்ப்பாளர்கள் இம்முறை அதிகமாகச் செலவு செய்தார்கள். விளைவு என்ன? சட்டம் இருக்கட்டும் என்று 60 விழுக்காட்டினர் சொல்லிவிட்டார்கள். மூன்றாண்டில் ஆதரவு குறையவில்லை, கூடிவிட்டது! "எங்களுக்கு உத்தரவு போட நீங்கள் யார்?" என்ற எண்ணம் மக்கள் மனத்தில் விழுந்துவிட்டால், சொல்லும் செய்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காதில் ஏறாது. வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மாசசூசெட்ஸில் வென்ற கதை

இப்போது அதே நாட்டின் மறுகோடிக்கு வாருங்கள். மாசசூசெட்ஸ் மாநிலம், 2012 நவம்பர். ஓரிகன் சட்டத்தைப் போன்ற ஒன்று மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் எடுத்த கருத்துக்கணிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு. சட்டம் வந்துவிடும் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

கத்தோலிக்கர்கள் நிறைந்த மாநிலம்தானே, திருச்சபை சொன்னால் கேட்டிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நிலைமை நேர்மாறு. குருமார் சிலர் சிறார்களிடம் செய்த பாலியல் கொடுமைகளும், அவற்றை மேலிடம் மூடிமறைத்ததும் 2002-இல் அம்பலமானது அதே பாஸ்டன் நகரில்தான். பேராயராக இருந்த கார்டினல் லா அந்த ஆண்டு டிசம்பரில் பதவி விலகினார். அடுத்து வந்த ஷான் ஓமாலி கையில் கிடைத்தது மானம் போன ஒரு திருச்சபை. "நாங்கள் சொல்கிறோம், கேளுங்கள்" என்று சொல்லும் தகுதி அதற்கு அப்போது இல்லை.

அந்த நிலைமைதான் வழியையும் காட்டியது. தேவாலயத்திற்குள் அவர்கள் இறைக்கட்டளையைப் பேசினார்கள். வெளியே வாக்காளரிடம் பேசியது சட்டத்தின் ஓட்டைகளைப் பற்றி. ஆறு மாதம் என்ற கணிப்பு எத்தனை முறை பொய்த்திருக்கிறது? மனச்சோர்வில் இருப்பவரை மனநல மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும் என்று ஏன் சட்டத்தில் இல்லை? குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் ஏன் இல்லை? மருந்தை வீட்டில் உட்கொள்ளும் நேரத்தில் மருத்துவர் உடனிருக்க வேண்டாமா? இவற்றுக்குப் பதில் சொல்ல யாரும் கத்தோலிக்கராக இருக்கத் தேவையில்லை.

கூட்டாளிகளும் சேர்ந்தார்கள். மாநில மருத்துவர் சங்கம் எதிர்த்தது. உடற்குறையுள்ளோர் தனியாக ஓர் அமைப்பாகத் திரண்டு எதிர்த்தார்கள். அவர்களில் பலருக்கு மதத்தோடு எந்த ஒட்டும் உறவும் இல்லை. பிறர் துணையின்றிக் குளிக்கவோ உடுத்தவோ முடியாத நிலையைத்தான் 'கண்ணியம் இழந்த வாழ்க்கை' என்கிறீர்கள், நாங்கள் அன்றாடம் அப்படித்தானே வாழ்கிறோம், எங்கள் வாழ்க்கை கண்ணியமற்றதா என்று கேட்டார்கள். அதற்கு யாராலும் எளிதில் பதில் சொல்ல முடியவில்லை.

மறைந்த செனட்டர் எட்வர்ட் கென்னடியின் மனைவி விக்டோரியா கென்னடியும் எதிர்த்து எழுதினார். கணவருக்கு மூளையில் புற்றுநோய் என்று 2008-இல் தெரிந்தபோது, இரண்டு முதல் நான்கு மாதங்களே என்று நாள் குறித்தார்கள். அவர் 15 மாதங்கள் வாழ்ந்தார். அந்தக் கூடுதல் மாதங்களில் குடும்பத்திற்குக் கிடைத்ததை அந்த அம்மையார் எடுத்துச் சொன்னார்.

வாக்கு எண்ணியபோது எதிர்ப்பு 51 விழுக்காடு, ஆதரவு 49 விழுக்காடு. சட்டம் தோற்றது. எதிரணி கொட்டிய பணம் மிகப் பெரிது, அதில் பெரும்பகுதி கத்தோலிக்க அமைப்புகளிடமிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓரிகனிலும் 1997-இல் பணம் கொட்டத்தான் செய்தார்கள். அங்கே தோல்வி, இங்கே வெற்றி. ஆகவே பணம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேறுபட்டது பேசிய முறை, கூடப் பேசியவர்கள்.

'பாரம்' என்னும் சொல்

நேயர்களே, இந்த விவாதம் எங்கோ அமெரிக்காவில் நடப்பதுதானே என்று எண்ணாதீர்கள். நம் தமிழ் வீடுகளில் முதியவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாசகம் உண்டு. "யாருக்கும் பாரமில்லாமப் போய்ச் சேரணும்." சொல்லாத பாட்டி உண்டா? சொல்லாத தாத்தா உண்டா? அதைக் கேட்டதும் மகள் என்ன செய்வாள்? "ஏம்மா இப்படிப் பேசறீங்க?" என்று கடிந்துகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவாள். அந்த அம்மாவுக்கு வேண்டியதும் அதுதான். அது சாகும் விருப்பமன்று. "நான் இன்னும் உங்களுக்கு வேண்டியவள்தானா?" என்ற கேள்வி.

ஓரிகன் மாநிலச் சுகாதாரத் துறை 1998 முதல் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. நோயாளிகள் ஏன் இந்த மருந்தைக் கேட்டார்கள் என்று அதில் மருத்துவர்கள் பதிவுசெய்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்குச் சுதந்திரத்தை இழப்பதே முதன்மைக் கவலை. குடும்பத்திற்குப் பாரமாகிவிடுவேன் என்ற கவலை பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு. வலி, அல்லது வலி வந்துவிடுமோ என்ற அச்சம், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்குத்தான்.

வலி தாங்காமல்தான் கேட்கிறார்கள் என்றே நாம் எண்ணியிருந்தோம். பெருவாரியான காரணம் அதுவன்று. இந்த இடத்தில்தான் எனக்கு அச்சம் எழுகிறது. சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டால், 'பாரம்' என்ற சொல் புலம்பலாக இருந்தது போய் விண்ணப்பமாகிவிடும். கதவு இருக்கிறது, நீ ஏன் இன்னும் இருக்கிறாய் என்று யாரும் வாயால் கேட்க வேண்டியதில்லை. மருத்துவமனைக் கட்டணச் சீட்டு கேட்கும். விடுப்பு எடுத்து எடுத்துச் சோர்ந்த மகனின் முகம் கேட்கும். பிரிட்டனில் கார்டினல் வின்சென்ட் நிக்கல்ஸ் 2024 அக்டோபரில் விடுத்த மடலில் எச்சரித்ததும் இதைத்தான். சாகும் உரிமை நாளடைவில் சாகும் கடமையாகிவிடலாம் என்றார்.

எதிர்த்தரப்பின் நியாயம்

மறுபக்கத்தாரைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது எளிது. அது நியாயமன்று. கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் ஜெர்ரி பிரவுனை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர். இளமையில் இயேசு சபைக் குருவாவதற்குப் பயின்றவர். 2015 அக்டோபரில் இத்தகைய மசோதா அவர் மேசைக்கு வந்தது. ஓர் ஆயரிடம் கேட்டார், தம் மருத்துவர்களிடம் கேட்டார், நண்பர்களிடம் கேட்டார். கடைசியில் தம் சாவை எண்ணிப் பார்த்தார். நீண்ட கொடிய வலியில் தாம் என்ன செய்வோம் என்று தமக்கே தெரியவில்லை, ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே அப்போது ஆறுதலாக இருக்கும், அந்த உரிமையைப் பிறருக்கு மறுக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். மனசாட்சியோடு மல்லுக்கட்டிய மனிதரின் முடிவு அது. மதிக்கிறேன்.

சட்டம் எங்கும் கட்டுமீறிப் போய்விட்டது என்று சொல்வதும் உண்மையன்று. ஓரிகனில் ஆறு மாத ஆயுள் என்ற வரம்பு இன்றளவும் நீடிக்கிறது. ஆனால் கனடாவில் நடந்தது வேறு. 2016-இல் மரணம் அண்மையில் எதிர்பார்க்கப்படுவோருக்கு என்று தொடங்கினார்கள். 2021-இல் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. மனநோய் மட்டுமே உள்ளவர்களுக்கும் விரிவாக்கும் திட்டத்தைத் தள்ளிப்போட்டு, 2024-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் 2027 மார்ச் வரை ஒத்திவைத்தார்கள். ஆக, வரம்பு நிற்கலாம், நகரவும் செய்யலாம். நகராது என்று உறுதி தர இன்றைய நாடாளுமன்றத்தால் முடியாது.

ஜெர்ரி பிரவுன் தம்மை எண்ணிப் பார்த்தார். அவர் செல்வாக்குள்ளவர், படித்தவர், பக்கத்தில் மனைவி இருப்பவர். சட்டமோ தனியறையில் ஆளில்லாமல் கிடக்கும் முதியவருக்கும் சேர்த்துத்தான் எழுதப்படுகிறது. அவருடைய சார்பில் ஒரு குரல் வேண்டும் அல்லவா? அந்தக் குரலைத் திருச்சபை கொடுத்தால், "நீ மதம், வாயை மூடு" என்று சொல்ல நான் தயாராக இல்லை.

எல்லை எது?

ஆனால் குரல் கொடுப்பது வேறு, கையை முறுக்குவது வேறு. பிரிட்டனில் இதற்கான மசோதாவை மக்களவை 2024 நவம்பரில் 330-க்கு 275 என்ற வாக்கில் முதற்கட்டமாக ஆதரித்தது. 2025 ஜூனில் இறுதி வாக்கெடுப்பில் அது 314-க்கு 291 ஆயிற்று. 55 வாக்கு வித்தியாசம் 23-ஆகச் சுருங்கியது. இடைப்பட்ட மாதங்களில், இந்த மசோதாவை இப்போதைய வடிவில் ஆதரிக்க இயலாது என்று மனநல மருத்துவர்களின் அரச கல்லூரி அறிவித்தது. பாதுகாப்பு விதிகள் போதுமா என்று வரிக்கு வரி அலசினார்கள். காரணங்களைக் கேட்டு மனம் மாறிய உறுப்பினர்களும் இருந்தார்கள்.

அதே ஜூன் மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. மசோதாவை ஆதரித்து வாக்களித்த கத்தோலிக்க உறுப்பினர் கிறிஸ் கோக்லன், தம் பங்குக் குரு தமக்கு நற்கருணை மறுக்கப்படும் என்று வாக்கெடுப்புக்கு முன்பே எச்சரித்ததாகவும், பிறகு திருப்பலியில் அதை எல்லாருக்கும் அறிவித்ததாகவும் வெளிப்படையாகக் கூறினார். தன் உறுப்பினர்களுக்கு ஒழுங்குமுறை வகுக்கும் உரிமை திருச்சபைக்கு உண்டு. அதில் வெளியாரான நாம் தலையிட முடியாது. ஆனால் சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதியில் உள்ள எல்லா மதத்தவருக்கும் பிரதிநிதி. அவருடைய வாக்கை வழிபாட்டின் பேரால் நெருக்கும்போது, ஓரிகனில் கேட்ட அதே கேள்வியை எதிரணியின் கையில் நாமே எடுத்துக் கொடுக்கிறோம். நூறு நல்ல காரணங்கள் சம்பாதித்துத் தந்ததை ஒரு மிரட்டல் செலவழித்துவிடும். பல மதத்தவர் அடுத்தடுத்த வீட்டில் வாழும் நம் நாட்டில், எல்லா மதத்தாரும் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் இது.

படுக்கைகள் பேசும்

கடைசியாக ஒன்று. திருச்சபையின் வாதங்களிலேயே வலிமையானது எது என்று கேட்டால், எந்தப் போப்பாண்டவரின் மடலையும் நான் காட்ட மாட்டேன். லண்டனின் ஹாக்னி வட்டாரத்தில் 1905-இல் ஐரிஷ் அருட்சகோதரிகள் தொடங்கிய புனித சூசையப்பர் இல்லத்தைக் காட்டுவேன். சாகக் கிடந்த ஏழைகளுக்காகத் திறந்த இல்லம் அது. அங்கேதான் 1958 முதல் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் பணிபுரிந்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர், ஆங்கிலிக்கன். வலி வந்து நோயாளி கதறிய பிறகு மருந்து கொடுப்பது அக்கால வழக்கம். வலி வருமுன்பே நேரம் தவறாமல் கொடுக்கும் முறையை அவர் அங்கே வளர்த்தெடுத்தார். 1967-இல் அவர் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம்தான் இன்றைய அந்திமகாலப் பராமரிப்பு இயக்கத்தின் தாய்வீடு.

சிங்கப்பூரில் அந்தப் பராமரிப்பு எங்கே தொடங்கியது தெரியுமா? 1985-இல், ஜூரோங்கில் கனோசிய அருட்சகோதரிகள் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில், இறுதிக்கட்ட நோயாளிகளுக்கென ஒதுக்கிய 16 படுக்கைகளில். இத்தகைய படுக்கைகளை வைத்திருப்பவர்கள் "சாக உதவாதீர்கள், வாழ உதவுங்கள்" என்று சொல்லும்போது அதற்கு ஓர் எடை இருக்கிறது. படுக்கையும் இல்லை, மருந்தும் இல்லை, வந்து பார்க்கவும் ஆளில்லை, ஆனால் சாகவும் கூடாது என்று சொன்னால் அது கொடுமை. ஜெர்ரி பிரவுனைப் போன்றவர்களுக்கு அப்போது பதிலே இருக்காது.

அவைத்தலைவர் அவர்களே, மதம் பேசலாமா என்று கேட்டீர்கள். பேசலாம். திருச்சபையும் பேசலாம், கோயிலும் பேசலாம், பள்ளிவாசலும் பேசலாம், விகாரையும் பேசலாம். பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்: நம் பேட்டையில் தனியாகக் கிடக்கும் நோயாளி யார்? இந்த வாரம் அவரை நம்மில் யார் போய்ப் பார்த்தோம்? அதற்குப் பதில் வைத்திருப்பவர் பேசட்டும். நான் காது கொடுத்துக் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.